பன்னிரண்டாம் கட்டம்

கையொப்பம் இடுவதற்கு முன் நான் எதையும் இருமுறை படிப்பேன், அம்மா. அவசரப்படுத்தாதீர்கள். முதல்முறை பொருளுக்காக, இரண்டாம்முறை பிழைக்காக. உங்கள் சான்றுத்தாளில் பிழை ஒன்றும் இல்லை. நீங்களே எழுதியதா? நன்று. பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் பிள்ளைகள் இந்நாளில் இவ்வளவு திருத்தமாக எழுதுவதே பெரிது.

'இப்பதிவேடுகளில் உள்ள மதிப்பெண்கள் யாவும் என்னால் நேரில் சோதித்து வழங்கப்பட்டவை எனச் சான்றளிக்கிறேன்.' அவ்வளவுதானே? இதன் கீழே சௌந்தரவல்லி, உடற்கல்வி ஆசிரியை, ஓய்வு என்று எழுத வேண்டும். எழுதலாம். எழுதுவதற்கு என்ன?

தண்ணீர் குடியுங்கள். டம்ளரில் பாதிதான் இருக்கிறது என்று பார்க்கிறீர்கள். இந்த வீட்டில் பாதிதான். வாளியிலும் கால் பங்குக்கு மேல் பிடிப்பதில்லை. சிக்கனம். வேறொன்றும் இல்லை.

உங்கள் ஆய்வின் பெயரை இன்னொரு முறை சொல்லுங்கள், ஜெபமலர். 'இளையோரின் உடலறிவு.' நல்ல சொல். நாங்கள் அந்நாளில் உடல்திறன் என்று மட்டும் சொன்னோம். நீங்கள் வாசலில் நின்று விளக்கினீர்களே, ஓடத் தெரிவது மட்டும் அன்று, ஓட வேண்டிய நேரத்தில் ஓடத் துணிவதும் அதில் சேரும், தன் உடல் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று அறிந்திருப்பதும் சேரும் என்று. அந்தக் கடைசிப் பகுதியைக் கேட்டபோது கதவின் தாழ்ப்பாள் என் கையிலேயே நின்றுவிட்டது. நீங்கள் கவனித்திருப்பீர்கள். வயதானால் அப்படித்தான்.

இருபது வயதில் மதிப்பிடப்பட்டவர்கள் ஐம்பது வயதில் எப்படி நடமாடுகிறார்கள் என்று பார்க்கப் போகிறீர்கள். அதற்கு என் பதிவேடுகள் வேண்டும். மூடிக்கிடக்கும் நிறுவனத்தின் அறையைத் திறந்து, கரையான் தின்றது போக மிஞ்சியவற்றைப் பைக்குள் போட்டுத் தூக்கி வந்திருக்கிறீர்கள். நான் கையொப்பமிட்டால் அவை சான்று. இடாவிட்டால் பழைய தாள். அப்படித்தானே?

சரி. அந்தப் பதிவேடுகள் எப்படி எழுதப்பட்டன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

பெண்கள் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் நான் இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றினேன். ஆண்டுக்கு நாற்பது பேர். பதினெட்டு, பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். நாளை ஒரு பள்ளிக்குப் போய்க் குழந்தைகளை ஓடவும் தாண்டவும் செய்விக்க வேண்டியவர்கள். தங்களுக்கு வராததை எப்படிச் சொல்லித்தருவார்கள்? ஆகவே இறுதியாண்டில் ஒவ்வொருத்திக்கும் பன்னிரண்டு சோதனைகள், சோதனைக்குப் பத்து மதிப்பெண். ஓட்டம், தாண்டல், பந்தெறிதல், கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிற்றல், இப்படிப் பதினொன்று. நான் அளந்தால் அரை அங்குலம் பிசகாது. "டீச்சர் டேப்பை எடுத்தா மண்ணுகூட நேரா உக்காந்துக்கிடும்" என்று பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். காதில் விழும். விழாதது போல் இருப்பேன்.

முதல்வரின் அண்ணன் மகளே ஓராண்டு படித்தாள். நீளத் தாண்டலில் நாலு மதிப்பெண். முதல்வர் என்னை அறைக்கு அழைத்து, "என்ன சௌந்தரம், நாலுதானா?" என்றார். "அவள் தாண்டியது நாலுக்குத்தான் அம்மா. வேண்டுமானால் குழி அப்படியே இருக்கிறது, வந்து அளந்து பாருங்கள்" என்றேன். அவர் வரவில்லை. நாலு நாலாகவே நின்றது. இருக்கிறது பாருங்கள், மூன்றாவது பதிவேட்டில்.

பன்னிரண்டாவது நீந்துதல்.

படிவம் சென்னையில் அச்சாகி வந்தது. அங்கே குளம் கட்டியிருப்பார்கள் போலும். எங்களுக்கு எங்கே? சுற்றுச்சுவருக்குப் பின்னால் ஆறு ஓடிற்று. முதல்வரிடம் ஒருமுறை கேட்டேன். "வயசுப்பிள்ளைகளை ஆத்துல எறக்கிவிட்டு, அக்கரையில நாலு பேரு நின்னு வேடிக்கை பாக்கவா? நல்லாத்தான் இருக்கு போ" என்றார். அதுவும் நியாயந்தான். எனக்கு முன்பு அந்தப் பணியில் இருந்த அம்மையார் பொறுப்பை ஒப்படைத்த அன்றே சொல்லிவிட்டுத்தான் போனார்: "கடைசிக் கட்டத்துல எல்லாத்துக்கும் ஏழு போட்டுரு தாயி. ஆறு போட்டா ஏன் கொறைஞ்சுதும்பான். எட்டு போட்டா எங்கன வச்சு நீந்துனாளும்பான். ஏழுன்னா ஒரு பய கேக்க மாட்டான்."

ஒருவரும் கேட்கவில்லை. எல்லா நிறுவனங்களிலும் ஏழுதான். இதைப் பொய் என்று நீங்கள் எண்ணக்கூடாது. வசதியில்லாத சோதனைக்குப் பொதுமதிப்பெண் வழங்குவது ஒரு வழக்கம். வழக்கம் வேறு, பொய் வேறு.

எனக்கு நீச்சல் தெரியுமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன். தெரியாது.

இந்தப் பச்சை அட்டைப் பதிவேட்டை எடுங்கள். இருபத்து மூன்றாம் வரிசை. ஆவுடையம்மாள். போன வாரம் நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தவள். பீடி சுற்றுகிறாள் என்றீர்கள். ஐம்பத்தோரு வயதில் கண்ணை மூடி ஒற்றைக்காலில் இருபத்தெட்டு நொடி நின்றாள், நீங்கள் வியந்துபோனீர்கள். என்னிடம் எண்பத்தாறு நொடி நின்றாள். எழுதியிருக்கிறேனா இல்லையா, பாருங்கள். மைதானத்தில் மற்ற பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஸ்டாப்வாட்ச் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்படி ஒரு நிலை.

அவள் ஊர் மானாவாரிக் காடு. குளத்துக்குப் பெயர் உண்டு, உள்ளே ஆடு மேயும். சோதனைகள் முடிந்து நான் மதிப்பெண் ஏற்றிக்கொண்டிருந்த பிற்பகலில் அறை வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், ஒரு சங்கதி. பன்னெண்டாவதுல எனக்கு ஏழு போடாதீங்க. முட்டை போட்டுருங்க."

"ஏன்?"

"எனக்கு நீச்சல் தெரியாது டீச்சர். இடுப்பளவு தண்ணியில நின்னாலே காலு ரெண்டும் எனக்கில்லாமப் போயிருது."

"உன் வகுப்பில் யாருக்குத் தெரியும்? ஆற்றங்கரைப் பிள்ளைகள் மூன்று பேருக்குத் தெரியும். மற்றவர்கள் வாயைத் திறந்தார்களா?"

"அவளுக வேற டீச்சர். எனக்கு உறுத்திக்கிட்டே கெடக்கும்."

நீங்களே சொல்லுங்கள். ஒருத்திக்கு மட்டும் சுழியம் போட்டால் மற்ற முப்பத்தொன்பது ஏழுகளையும் ஒருவன் திரும்பிப் பார்ப்பானா இல்லையா? ஒரு நிறுவனத்தின் ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது. "போ, போய்ப் படி" என்று அனுப்பிவிட்டேன்.

பிறகு கூட்டினேன். பதினொரு கட்டங்களில் நூற்று மூன்று. அதுவரை அந்த எண்ணை நான் எவளுக்கும் எழுதியதில்லை. ஏழைச் சேர்த்தால் நூற்றுப் பத்து. பக்கத்து ஊர் நிறுவனத்தில் ஒரு பிள்ளை நூற்றுப் பதினொன்று வாங்கியிருக்கிறாள் என்று அங்கிருந்த ஆசிரியை முதல் நாள்தான் தொலைபேசியில் பெருமை பேசியிருந்தாள். அந்த ஆசிரியை நாடாவைத் தொய்யவிட்டு அளப்பவள், எனக்குத் தெரியும். அவளிடம் மாவட்டக் கேடயம் போவதா?

ஒன்பது போட்டேன்.

மாவட்டத்தில் முதலிடம். மேடையில் ஆவுடையம்மாளுக்குச் சான்றிதழ், நிறுவனத்துக்குக் கேடயம். சான்றிதழை வாங்கியவள் அங்கேயே விரித்துப் படித்தாள். கடைசி வரியில் விரலை வைத்தாள். என்னைப் பார்த்தாள். மகிழ்ச்சி மிகுந்தால் சிலருக்கு நா எழாது.

இதுவரை எழுதிக்கொண்டீர்களா? இனி வருவதை எழுத வேண்டாம்.

நான்கு ஆண்டுகள் கழித்து அவளுக்கு வேலை வந்தது. அணைக்கு அக்கரையில் ஓராசிரியர் பள்ளி. இக்கரைக் குடியிருப்பிலிருந்து குழந்தைகளும் ஆசிரியையும் தோணியில் போய் வர வேண்டும். நீந்தத் தெரிந்தவரைத்தான் போட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அலுவலகத்தில் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு பன்னிரண்டாம் கட்டத்தைப் பார்த்திருக்கிறார்கள். ஏழு, ஏழு, ஏழு, ஏழு. ஒரே ஓர் ஒன்பது.

எனக்குக் கடிதம் எழுதினாள். 'டீச்சர், தோணியில் ஏறப் பயமாக இருக்கிறது. எனக்கு நீச்சல் இல்லை என்று நீங்கள் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் மாற்றிவிடுவார்களாம்.' கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. அச்சத்தால் பணியை மறுப்பது ஆசிரியைக்கு அழகன்று என்று பதில் எழுதினேன். அஞ்சலட்டையில்தான் எழுதினேன், ஒளிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது?

ஒன்றரை ஆண்டு போய் வந்தாள். ஒன்றரை ஆண்டும் ஒன்றும் நடக்கவில்லை. அதை ஏன் ஒருவரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை?

ஓர் ஐப்பசி. பள்ளி விட்டுத் திரும்பும்போது காற்று. ஏழு குழந்தைகள், ஆவுடையம்மாள், தோணிக்காரர். இக்கரைக்கு இருபது அடி இருக்கும்போது தோணி கவிழ்ந்தது. தோணிக்காரர் ஆறு குழந்தைகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கரையில் போட்டார். ஆவுடையம்மாள் கவிழ்ந்த தோணியின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்தபடி இருந்தாள். மாரிக்கனி என்று எட்டு வயதுப் பெண் குழந்தை அவளுக்கு ஒரு கை தூரத்தில் இருந்ததாம். கை நீட்டியிருந்தால் எட்டியிருக்குமாம். நீட்டவில்லை. தோணிக்காரர் ஏழாவது முறை திரும்பி வந்தபோது அந்த இடத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது.

விசாரணை நடந்தது. "பிடியை விட்டா நானும் போயிருவேன்னு தெரியும் சார். எனக்கு நீச்சல் தெரியாது" என்று அவள் சொல்லியிருக்கிறாள். அதிகாரி பதிவேட்டைக் காட்டினார். ஒன்பது. உயிருக்குப் பயந்து கையை நீட்டாதவள் இப்போது வேலைக்குப் பயந்து பொய்யும் சொல்கிறாளோ என்று அவருக்கு ஐயம். மதிப்பெண் போட்டவரையே கேட்டுவிடுவோம் என்று என்னை அழைத்தார்கள்.

அணைக்கு இக்கரையில் ஓர் அறையில் விசாரணை. நான் வெள்ளைப் பருத்திச் சேலையில் போயிருந்தேன். எதிரே மரப்பெஞ்சில் ஆவுடையம்மாள் உட்கார்ந்திருந்தாள். மெலிந்து போயிருந்தாள்.

"இது நீங்க நேர்ல சோதிச்சுப் போட்ட மார்க்குதானாம்மா?" என்றார் அதிகாரி.

என்ன சொல்லியிருக்க வேண்டும் என்கிறீர்கள்? இல்லை என்று ஒரு சொல். அந்த ஒரு சொல்லில் என் பதிவேடுகள் எல்லாம் போயிருக்கும். அரை அங்குலம் பிசகாத நாடா, முதல்வரின் அண்ணன் மகளுக்குப் போட்ட நாலு, எல்லாம். நாளைக்கு ஒருவன், அந்த எண்பத்தாறு நொடியும் இப்படித்தானா என்று கேட்பான். அவளுடைய எண்பத்தாறு நொடி! அதையும் சேர்த்துத்தானே நான் காப்பாற்றினேன்?

"ஆம்" என்றேன்.

"எங்க வச்சுச் சோதிச்சீங்க?"

"ஆற்றில்."

"எவ்வளவு தூரம் நீந்தினாங்க?"

என் வாயில் அந்த எண் ஏன் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வழியில் பேருந்தில் யாரோ பேசிக்கொண்டு வந்ததாக இருக்கலாம். "இருபது அடி" என்றேன்.

அதிகாரி ஆவுடையம்மாள் பக்கம் திரும்பினார். "என்னம்மா சொல்றே?"

அவள் எழுந்து நின்றாள். என்னைப் பார்த்துத்தான் நின்றாள். "டீச்சர் சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்" என்றாள்.

என் மாணவியர் எவரும் என் சொல்லை மறுத்துப் பேசியதில்லை, அம்மா. இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒருத்திகூட. அதை நான் எவரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

நீந்தத் தெரிந்தும் குழந்தையைக் காக்க முயலவில்லை என்று எழுதினார்கள். வேலை போயிற்று. அது அவர்கள் முடிவு. நான் எண்ணைத்தான் சொன்னேன், தீர்ப்பைச் சொல்லவில்லை.

வெளியே வந்தபோது குழந்தையின் தாய் நின்றுகொண்டிருந்தாள். கூலிவேலை செய்கிறவள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்து ஒதுங்கினேன். அவள் கத்தவில்லை. ஆவுடையம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்: "ஏட்டி, ஒம்பது மார்க்கு வாங்கினவதானட்டி நீ? ஒரு கையைத் தோணியில வச்சுக்கிட்டு ஒரு கையை எம்புள்ளைக்கு நீட்டப்படாதா? நான் ஒண்ணுந் திட்டல. ஏன்னு மட்டும் சொல்லிட்டுப் போ தாயி."

ஏன் என்று ஆவுடையம்மாள் சொல்லவில்லை. நான் மூன்றடி தள்ளி நின்றேன். பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

அந்தக் கேள்வி அவளைக் கேட்டது. என்னைக் கேட்டதன்று. ஆனால் பாருங்கள், பிற்பகல் நாலு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். வாளியில் விழத் தொடங்கியதும் அந்தக் குரல் கேட்கும். 'ஏன்னு மட்டும் சொல்லிட்டுப் போ.' வாளி நிறைய நிறைய அருகில் வரும். அதனால் கால் வாளியில் நிறுத்திவிடுவேன். காதில் ஏதோ கோளாறு என்று மருத்துவரிடம் காட்டினேன். காது நன்றாக இருக்கிறது என்றார். சிறு பெண், அனுபவம் போதாது.

இந்த வீட்டின் நிலைப்படியிலிருந்து அடுப்படி வரை இருபது அடி. ஓய்வு பெற்றபின் வாங்கிய வீடு. வாங்கும்போது நான் அளக்கவில்லை. குடிவந்த பிறகு ஒருநாள் காரணமில்லாமல் நாடாவை எடுத்து அளந்தேன். இருபது. அரை அங்குலம் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. நாள்தோறும் எத்தனை முறை நடக்கிறேன்! நடுவழியில், அந்தத் தூண் இருக்கிறதே, அங்கே வந்ததும் என்னையறியாமல் வலக்கை பக்கவாட்டில் நீளும். எதையோ எடுக்கப் போவது போல. அங்கே எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. வேலைக்காரப் பெண் ஒருமுறை பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், யாருக்குக் கை குடுக்கீங்க?" என்று சிரித்தாள். அவளை நிறுத்திவிட்டேன். வேலையில் திருத்தம் போதாது.

நீங்கள் போனபோது ஆவுடையம்மாள் என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா? நலமாக இருக்கிறார்களா என்றாளா? அவ்வளவுதானா?

நீந்தத் தெரியுமா என்று உங்கள் வினாத்தாளில் இருக்கிறதே, அதற்கு என்ன சொன்னாள்? நீங்களே படியுங்கள், என் கண்ணாடி சரியில்லை.

'ரிஜிஸ்டர்ல டீச்சர் என்ன போட்டிருக்காங்களோ அதையே எழுதிக்கோங்கம்மா.'

ம்.

இன்னும் அப்படியேதான் சொல்கிறாளா? இருபத்தைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. பீடிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாளா? சிரித்தாளா? சிரிக்கவில்லையா?

கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சான்றுத்தாளை எடுக்காதீர்கள். நான் கையொப்பமிட மாட்டேன் என்று சொன்னேனா? உண்மைக்கு மாறான தாளில் இடமாட்டேன், அவ்வளவுதான். பதிவேட்டைத் திருத்திவிட்டு இடுகிறேன். சிவப்பு மை இருக்கிறதா? நீலமானாலும் சரி. திருத்தத்துக்கு ஒரு முறை உண்டு. ஒரே கோடு. அடித்த எண் கீழே தெரிய வேண்டும். பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி. போட்டவர் கையாலேயே அடிக்க வேண்டும், பிறர் அடித்தால் செல்லாது. இந்தப் பச்சைப் பதிவேட்டிலிருந்து தொடங்குவோம். நீங்கள் வரிசை எண்ணைப் படியுங்கள், பன்னிரண்டாம் கட்டத்தை நான் அடித்துக்கொண்டு வருகிறேன்.

ஒன்று. ஏழு. 'சோதிக்கப்படவில்லை.' சௌ. இரண்டு. ஏழு. பாருங்கள், எவ்வளவு எளிதாக இருக்கிறது! இதை முன்பே செய்திருக்கலாம். மூன்று. நாலு. படித்துக்கொண்டே போங்கள்.

இருபத்தொன்று. இருபத்திரண்டு. அடித்தாயிற்று.

இருபத்து நான்கைப் படியுங்கள்.

தவறிவிடவில்லை அம்மா. எனக்கு எண்ணத் தெரியும். இருபத்து நான்கைப் படியுங்கள்.

மற்றவை வழக்கத்துக்காகப் போட்ட எண்கள். யாரும் என்னை நிறுத்திக் கேட்காத எண்கள். அந்த ஒன்பது நான் அதிகாரி முன்னால் சாட்சி சொன்ன எண். அதன்மேல் கோடு போட்டால் அது பதிவேட்டுத் திருத்தம் ஆகாது. அந்தத் தாய் அடுத்து யாரிடம் வந்து கேட்பாள்? வயது எழுபத்தாறு எனக்கு. இருபத்து நான்கு. படியுங்கள்.

முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது.

முடிந்தது. மற்றப் பதிவேடுகளையும் பிறகு இப்படியே அடித்துவிடுகிறேன். சான்றுத்தாளைக் கொடுங்கள். இதோ, சௌந்தரவல்லி, உடற்கல்வி ஆசிரியை, ஓய்வு. இனி இந்தப் பதிவேட்டில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

என்ன கேட்கிறீர்கள்? உரக்கக் கேளுங்கள். முப்பத்தொன்பது பேருக்குச் சோதிக்கவில்லை என்று எழுதியாயிற்று. அப்படியானால் அந்த ஆண்டு நேரில் சோதித்து, நீந்தத் தெரியும் என்று சான்று பெற்றவள் ஆவுடையம்மாள் ஒருத்திதான் என்று ஆய்வில் அச்சேறும். அதைத்தானே கேட்கிறீர்கள்?

ஆம். அவளே சொல்லியிருக்கிறாளே, பதிவேட்டில் உள்ளதை எழுதிக்கொள்ளும்படி. எழுதுங்கள். ஆவுடையம்மாள். நீந்துதல். ஒன்பது.

ஏன் பேனாவை மூடுகிறீர்கள்? எழுதுங்கள், அம்மா.